காற்றைக் கொஞ்சம் விடு!

*பூந்தமல்லியிலிருந்து கடலுக்கு: பாய்ப்பலகை வேகத்தின் கணக்கு*

சித்திரை மாதத்துச் சனிக்கிழமை. பூந்தமல்லி டிரங்க் ரோட்டு இளநீர்க் கடையின் நீலத் தார்ப்பாய் இரண்டு மணி வரை அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கமிருந்து வந்த அனல் முகத்தில் அறைந்துவிட்டுப் போனது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. இரண்டேகால் இருக்கும். தார்ப்பாய் ஒருமுறை உள்ளே இழுத்தது, ஒருமுறை உப்பியது, பிறகு கிழக்கிலிருந்து சீராக அடிக்கத் தொடங்கிய காற்றில் படபடத்தது. கடைக்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “அப்பாடா, வந்துருச்சு” என்றார்.

என் அண்ணன் மகனுக்கு மட்டும் முகம் வாடிப்போனது.

“கரையில பன்னெண்டே முக்காலுக்கே விழுந்திருக்கும், சித்தப்பா. நமக்கு வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆவுது. இந்நேரம் அங்க பதினஞ்சு நாட் இருக்கும்.”

ஊருக்கெல்லாம் கடல்காற்று வருகிறது. அவனுக்கு அது தவறவிட்ட பஸ். கரையான்சாவடியில் வீடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. சனிக்கிழமை அரை நாள் ஷிப்ட் முடித்து வரும்போது கடலில் பாதிக் காற்று முடிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைதான் அவனுக்குக் கடல். மூன்று வருஷமாக வாடகைப் பலகையில் விண்ட்சர்ஃபிங் பழகுகிறான். ஓட்டக் கற்றாயிற்று, திரும்பக் கற்றாயிற்று. இப்போது பிடித்திருக்கும் பைத்தியம் வேறு: வேகம். கையில் கட்டிய ஜிபிஎஸ் கடிகாரம் 24 நாட் காட்டுகிறது. அவனுக்கு 30 வேண்டும்.

கோவளத்திலும் ராமேஸ்வரத்திலும் எடுத்த காணொளிகள் வீட்டுக்கு வீடு கைபேசியில் சுற்றத் தொடங்கியபின், இந்தக் கேள்வி அவனுடையது மட்டுமில்லை. எஞ்சின் இல்லை, பெட்ரோல் இல்லை. ஒரு பலகை, ஒரு பாய், ஒரு மனிதன். எப்படி மோட்டார் சைக்கிளை மிஞ்சுகிறார்கள்?

பதினெட்டு நொடியில் அரைக் கிலோமீட்டர்

உச்சத்தை முதலில் பார்த்துவிடுவோம். 2015 நவம்பரில் ஆப்பிரிக்காவின் நமீபியாவில், லூடரிட்ஸ் என்ற கடற்கரை ஊரில், பிரான்ஸின் அந்துவான் அல்போ 500 மீட்டர் தூரத்தைச் சராசரியாக 53.27 நாட் வேகத்தில் கடந்தார். நம் கணக்கில் மணிக்கு 98.7 கிலோமீட்டர். அரைக் கிலோமீட்டருக்கு ஆனது 18 நொடிக்குச் சற்றே மேல். நின்றுகொண்டு, கையில் பாயைப் பிடித்துக்கொண்டு.

லூடரிட்ஸில் அவர் ஓட்டியது திறந்த கடலில் இல்லை. வேகத்துக்கென்றே தோண்டிய வாய்க்கால் அது. பாலைவனக் காற்று 40 நாட்டைத் தாண்டி அடிக்கும். ஆனால் வாய்க்கால் குறுகல் என்பதால் தண்ணீரில் அலை எழும்ப இடமில்லை. பலமான காற்றும் தட்டையான தண்ணீரும் ஒன்றாகக் கிடைப்பது உலகத்தில் அபூர்வம். கிடைக்காததால் வெட்டி எடுத்தார்கள். வேகத்தின் பாதி ரகசியம் அந்த வாய்க்காலில் இருக்கிறது. மீதிப் பாதி ஸ்பேனரிலும், கயிற்றிலும், உப்புத்தாளிலும் இருக்கிறது.

[பெட்டி] நாட் என்றால்?

1 நாட் = மணிக்கு 1.852 கி.மீ.
12 நாட் காற்றில் கற்றுக்குட்டி தடுமாறாமல் நிற்கலாம். அது 24 நாட் ஆனால் பாயில் விழும் அழுத்தம் இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும்.
பாயால் ஓடும் கலங்களில் பெரும் வேகம்: 2012 நவம்பர் 24 அன்று நமீபியாவின் வால்விஸ் வளைகுடாவில் பால் லார்சன் ‘வெஸ்டாஸ் செய்ல்ராக்கெட் 2’ கலத்தில் எட்டிய 65.45 நாட் (மணிக்குச் சுமார் 121 கி.மீ.).
இந்த விளையாட்டின் தொடக்கம்: அமெரிக்காவில் நியூமன் டார்பி 1964-ல் பாய் கட்டிய பலகை ஒன்றைச் செய்தார். கலிஃபோர்னியாவின் ஹாயில் ஷ்வைட்ஸரும் ஜிம் டிரேக்கும் 1968-ல் காப்புரிமை கேட்டார்கள். பிரிட்டிஷ் நீதிமன்றமோ, பீட்டர் சில்வர்ஸ் என்ற ஆங்கிலேயர் பன்னிரண்டு வயதில், 1958-லேயே இப்படி ஒன்றைச் செய்துவிட்டார் என்று அந்த உரிமையை ஏற்கவில்லை.

பைபாஸில் ஒரு பாடம்

காற்றைவிட வேகமாக எப்படிப் போக முடியும்? பலரும் இங்கேதான் நம்ப மறுக்கிறார்கள். காற்று முதுகில் தள்ளுகிறது என்று நினைத்தால் நம்ப முடியாதுதான்.

பூந்தமல்லி பைபாஸில் பைக்கில் போய்ப் பாருங்கள். பக்கவாட்டில் மணிக்கு 20 கி.மீ. காற்று அடிக்கிறது. நீங்கள் 40-ல் போகிறீர்கள். காற்று பக்கத்திலிருந்தா தெரியும்? ஏறக்குறைய நேர் எதிரே, மூக்குக்குச் சற்று ஓரமாக, 45 கி.மீ. பலத்தில் தெரியும். நிஜக் காற்றும் உங்கள் வேகமும் சேர்ந்து உண்டாக்கிய புதுக் காற்று அது. பலகையின் பாய் சந்திப்பதும் இந்தப் புதுக் காற்றைத்தான். வேகம் ஏற ஏற அது பலப்படும். பலப்படப்பட முன்பக்கம் நகரும். பாய் அதை விமான இறக்கை மாதிரி பிடித்து இழுவையாக மாற்றுகிறது. தள்ளுவது இல்லை, இழுப்பது.

இதிலிருந்து ஒரு நடைமுறை வரும். காற்று முன்னால் நகர்கிறதே, அப்போது பாயையும் உள்ளே இழுத்துக்கொண்டே வர வேண்டும். பின்கையால் கதவைச் சாத்துவது மாதிரி. பாயின் அடி விளிம்பு பலகையின் மேல்தளத்தைத் தொடுகிற அளவுக்குச் சாத்திவிட்டால் கீழே காற்று கசியாது. புதியவர்கள் பயத்தில் கதவைப் பாதி திறந்தே வைத்திருப்பார்கள். “பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே ஆக்ஸிலேட்டர் கொடுக்கிற கதை” என்றார் அண்ணன் மகனின் பயிற்சியாளர்.

தளர்ந்த பாய் ஓடும்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நானும் அவன்கூடப் போனேன். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், சவுக்குத் தோப்பு நிழலில், பையன்கள் பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். விண்ட்சர்ஃபிங்கில் தண்ணீரில் இருக்கும் நேரத்தைவிட மணலில் உட்கார்ந்து கயிறு இழுக்கும் நேரம் அதிகமோ என்று தோன்றியது.

முதல் கயிறு டவுன்ஹால். பாயைப் பாய்மரத்தின் அடிப்பக்கம் நோக்கி இழுப்பது. என் கண்ணுக்கு அண்ணன் மகன் கட்டியதுதான் அழகாக இருந்தது: சுருக்கமே இல்லாமல் முரசு போல விறைப்பு. பயிற்சியாளர் பார்த்ததும் தலையிலடித்துக்கொண்டார். கப்பிக் கயிற்றில் காலை முட்டுக் கொடுத்து இன்னும் ஒரு விரற்கடை இழுத்தார். பாயின் மேல்பாதியில், பின்விளிம்பு சட்டென்று தொய்ந்துபோய்க் காதுமடல் மாதிரி ஆடத் தொடங்கியது. எனக்கு அது பழைய பாய் போலத் தெரிந்தது.

“இப்பதான் சரி” என்றார். “காத்து ஓங்கி அடிக்கும்போது மேல்பாதி முறுக்கிக்கிட்டு மிச்சக் காத்தை விட்டுரும். விறைப்பா இருந்தா அத்தனையும் உன் கையில வந்து விழும். நீ பாயோட மல்லுக்கட்டுவியா, ஓட்டுவியா? காத்தைக் கொஞ்சம் விடு தம்பி, வேகம் தானா வரும்.”

நிறையப் பிடிப்பவன் வேகமாகப் போவான் என்றுதான் நான் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். இங்கே எல்லாம் தலைகீழ். பெரிய பாயைக் கட்டிக்கொண்டு போராடுகிறவன் பின்தங்குவான்; தாங்கக்கூடியதைக் கட்டி, மிச்சத்தை மேலே வழியவிட்டவன் பறப்பான்.

அடுத்தது அவுட்ஹால், பாயின் வயிற்றை நிர்ணயிக்கும் கயிறு. தளர்த்தினால் வயிறு விழும், இழுவை கூடும். இறுக்கினால் தட்டையாகும், கட்டுக்கடங்கும். இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசத்தில் பாயின் குணமே மாறிவிடுகிறது.

பிறகு மரம் ஊன்றும் இடம். பலகையில் அதற்கு ஒரு நீளப் பள்ளம் உண்டு. மரத்தை முன்னால் தள்ளினால் பலகையின் மூக்கு அடங்கும். பலத்த காற்றில் நிதானம் கிடைக்கும். பின்னால் தள்ளினால் பலகை தண்ணீரைவிட்டு எழும்பி, வால்பக்கம் மட்டும் உரசிக்கொண்டு ஓடும். நனையும் பரப்பு குறைந்தால் உராய்வு குறையும். அளவு மீறினால் மூக்கு வானத்தைப் பார்க்கும். ஒரு தடவைக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நகர்த்தாதே, ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் கை வைக்காதே என்பது அங்கே எழுதாத சட்டம். எதை மாற்றியதால் எது நடந்தது என்று தெரியாமல் போய்விடுமே.

பூம் என்ற கைப்பிடி வளையம் தோளுக்கும் மோவாய்க்கும் நடுவே. அதில் தொங்கும் ஹார்னஸ் கயிறுதான் இடுப்புக் கொக்கியோடு பாயை இணைக்கிறது. அது சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு: ஓடும்போதே இரண்டு கையையும் லேசாக எடுத்துப் பார். பாய் அப்படியே நின்றால் சரி. பின்கை வலிக்கிறதென்றால் கயிற்றைப் பின்னுக்கு நகர்த்து. முன்கை வலித்தால் முன்னுக்கு. முன்கை வலிக்குத் தைலம் தடவிக்கொண்டு இரண்டு மாதம் திரிந்தவனுக்கு மருந்து நான்கு விரற்கடை நகர்த்தலில் இருந்தது.

வாலில் இருக்கிறது வித்தை

பலகையைத் திருப்பிப் போட்டால் வால்பக்கத்தில் கத்தி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். ஃபின். பாய் பக்கவாட்டில் இழுக்கும் இழுப்பை வாங்கிக்கொண்டு பலகையை நேராக ஓடவைப்பது அதுதான். அது இல்லையென்றால் பலகை நண்டு மாதிரி ஒதுங்கும்.

பெரிய ஃபின் குறைந்த காற்றிலும் பலகையைத் தூக்கிக் கொடுக்கும். ஆனால் வேகம் ஏறியதும் அதுவே வினை. பலகை ஒரு பக்கமாக எழும்பித் தள்ளாடும். சின்ன ஃபின்னில் உராய்வு குறைவு. ஆனால் பின்காலால் அழுத்தி மிதித்தால் அதைச் சுற்றிக் காற்று புகுந்து பிடி விட்டுவிடும். தண்ணீரில் அல்ல, சோப்பு நுரையில் நிற்கிற மாதிரி பின்பக்கம் சர்ரென்று வழுக்கும். இதற்கு ஸ்பின் அவுட் என்று பெயர். அன்று மட்டும் அண்ணன் மகன் ஏழு தடவை அதில் விழுந்ததை எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் ஃபின்னைத்தான் திட்டினான்.

திட்டு வாங்க வேண்டியது ஓரளவு ஃபின், பெரும்பாலும் கால். பயிற்சியாளர் ஃபின்னின் முன்விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். பாறையில் இடித்த சின்னப் பொக்கை ஒன்று தட்டுப்பட்டது. பிசின் வைத்து அடைத்து, தண்ணீரில் நனைத்த உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றித் தேய்க்கச் சொன்னார். அம்பத்தூரில் நாள் முழுக்க இரும்பில் மைக்ரோமீட்டர் வைத்து அளக்கிறவனுக்கு அந்த வேலை கைவந்த கலை. அரை மணியில் கண்ணாடியாக்கிவிட்டான். பிறகு பயிற்சியாளர் அவன் பின்காலைத் தட்டினார்: “ஃபின் இப்ப சுத்தம். இனிமே விழுந்தா நீதான்.”

நிற்கிற நிலையில்தான் கடைசி ஐந்து நாட் ஒளிந்திருக்கிறது. முன்கால் நீட்டி விறைப்பாக. பின்கால் சற்று மடங்கி, மிதிக்காமல் ஏந்தலாக. இடுப்பு கைப்பிடியை விட்டுத் தள்ளி, உடம்பு முழுக்க ஹார்னஸில் தொங்கலாக. கைகள் கட்டளையிட மட்டும். உடம்பின் எடை கொக்கி வழியாகப் பாய்க்கும், பாய் வழியாக மரத்துக்கும், மரம் வழியாகப் பலகைக்கும் இறங்க வேண்டும். கால் வழியாக வாலுக்கு இறங்கினால் ஸ்பின் அவுட். பார்வை பத்து மீட்டர் தாண்டி, தண்ணீரில் கறுப்பாகத் தெரியும் திட்டைத் தேட வேண்டும். காற்று ஓங்கி இறங்குகிற இடம் அது. அங்கே போய்ச் சேர்ந்ததும் மூக்கைக் காற்றோடு சாய்த்துச் சரிய வேண்டும். காற்றுக்கு நேர்க் குறுக்கே ஓடுவதைவிட இன்னும் நாற்பது பாகை அளவுக்குக் கீழே சரிந்து ஓடும்போதுதான் உச்ச வேகம் வரும். ஓங்கின காற்றைக் கண்டு ஒதுங்குகிறவர்கள் பாயைத் திறப்பார்கள். ஓட்டக்காரன் சாத்துவான்.

[பெட்டி] கடிகாரம் பொய் சொல்லுமா?

இரண்டு நொடி உச்சம்: மார்தட்டிக்கொள்ள ஏற்றது. அலையில் குதித்தாலோ கையை வீசினாலோ எண் எகிறும்.
பத்து நொடி ஓட்டங்கள் ஐந்தின் சராசரி: உண்மையான திறமை இதில்தான் தெரியும்.
500 மீட்டர் சராசரி: உலக சாதனைக்குக் கணக்கில் எடுப்பது.
உங்கள் உச்சத்துக்கும் பத்து நொடிச் சராசரிக்கும் இடைவெளி பெரிது என்றால் குறை பாயில் இல்லை, நிலையில்.

ஆண் கடலும் பெண் கடலும்

சென்னைக் கரையில் ஒரு தீராத சங்கடம். கடல்காற்று கடலிலிருந்து கரைக்கு வருகிறது, கூடவே அலையையும் அழைத்து வருகிறது. காற்று பலத்தால் தண்ணீர் குண்டும் குழியும். மதுரவாயல் சர்வீஸ் ரோட்டில் ரேஸ் பைக் ஓட்டுவதற்கு ஒப்பு. துறைமுகத்துக்குள் தண்ணீர் அடங்கியிருக்கும். 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும், தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் அது கப்பல் நடமாடும் இடம். ஆசைப்பட்டவரெல்லாம் நுழைந்துவிட முடியாது.

தட்டைத் தண்ணீரும் பலமான காற்றும் சேர்ந்து கிடைப்பதற்குத் தெற்கே போக வேண்டும். ராமேஸ்வரம் பக்கத்து மக்கள் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள், பாக் விரிகுடாப் பக்கத்தைப் பெண் கடல் என்பார்கள். நடுவில் தனுஷ்கோடி நோக்கி நீளும் மணல்திட்டு. தென்மேற்குப் பருவத்தில் ஆண் கடல் கொந்தளிக்கும். திட்டைத் தாண்டி வரும் அதே காற்று மறுபக்கத்தில் அலையில்லாத தண்ணீரைத் தடவிக்கொண்டு போகும். மார்கழி, தையில் வாடை திரும்பினால் கணக்கும் பக்கம் மாறும். நமீபியாவில் இயந்திரம் வைத்து வெட்டியதை இங்கே இயற்கை வெட்டிக் கொடுத்திருக்கிறது. காத்தாடிப் பலகைக்காரர்கள் இதை எப்போதோ கண்டுகொண்டு அங்கே பள்ளி வைத்துவிட்டார்கள். அந்தக் கரையில் பிரப்பன்வலசையில் ஒலிம்பிக் நீர் விளையாட்டு அகாடமி அமைப்பதாகத் தமிழக அரசும் அறிவித்திருக்கிறது.

ஒரு இடைஞ்சல் உண்டு. பாக் விரிகுடா கடற்புல் மண்டிய இடம். ஆவுளியா என்கிற கடற்பசு மேயும் காடு. 2022-ல் அங்கே 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். நேராக நிற்கும் ஃபின்னில் புல் சுற்றிக்கொண்டால் வேகம் பாதியாகும். அதற்காகவே பின்னோக்கிச் சாய்ந்த புல் ஃபின் உண்டு. புல்லை வெட்டுவதைவிட ஃபின்னைச் சாய்ப்பதே நாகரிகம்.

இந்த வித்தை எதுவும் அந்தக் கரைக்குப் புதிதில்லை. தொண்டிப் பக்கத்துக் கிராமங்களில் திருவிழாவுக்குப் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். வத்தையின் குறுக்கே பலகையை நீட்டி, அதன் நுனியில் ஆட்கள் ஏறி நின்று, காற்றின் இழுப்புக்கு எதிராக உடம்பைத் தொங்கவிடுவார்கள். பாய்ப்பலகைக்கு ஹார்னஸ் வருவதற்கு முன்பிருந்தே நடக்கிற காரியம். காற்று ஓங்கினால் பலகையில் ஒருவர் கூடுதலாக நகர்வார், தணிந்தால் உள்ளே வருவார். கட்டுமரக்காரர்கள் பருத்திப் பாயில் தண்ணீரை இறைத்து நனைப்பார்கள். நூல் ஊறி இழை நெருங்கும், காற்று கசியாது. நம் பையன்களுக்கு ஐரோப்பியக் காணொளிகள் தெரிகின்றன, தொண்டி தெரியவில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

சட்டம் மாறியது, உடம்பும் மாற வேண்டியிருக்கிறது

2023 செப்டம்பர். ஹாங்சோ ஆசிய விளையாட்டு. ஆண்கள் ஆர்எஸ்:எக்ஸ் பிரிவில் தென் கொரியாவின் சோ வொன்வூ தங்கம், தாய்லாந்தின் நத்தபோங் போனோபரட் வெள்ளி, இந்தியாவின் இபாத் அலி வெண்கலம். விண்ட்சர்ஃபிங்கில் இந்தியா மேடையேறியது. பெண்கள் ஆர்எஸ்:எக்ஸில் இறங்கியவர் ஈஸ்வர்யா கணேஷ்.

கைதட்டி முடிப்பதற்குள் காலடிப் பலகை மாறிவிட்டது. 2008 முதல் டோக்கியோ வரை ஒலிம்பிக் பலகையாக இருந்த ஆர்எஸ்:எக்ஸ் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இல்லை. அதன் இடத்தில் ஐக்யூஃபாயில். அடியில் ஃபின்னுக்குப் பதிலாக 95 சென்டிமீட்டர்த் தண்டு, அதன் நுனியில் விமானம் போன்ற இறக்கை. வேகம் பிடித்ததும் பலகை தண்ணீரைவிட்டு முழுசாக எழும்பி அந்தரத்தில் போகும். உராய்வு இறக்கைக்கு மட்டும். காற்று ஐந்தாறு நாட் இருந்தாலே ஓட்டம் தொடங்கலாம். பாரிஸில் ஆண்கள் தங்கம் இஸ்ரேலின் டாம் ரூவெனிக்கு, பெண்கள் தங்கம் இத்தாலியின் மார்த்தா மஜ்ஜெத்திக்கு.

பழைய பலகையில் காற்றில்லாத நேரத்தில் பாயை விசிறி விசிறி முன்னேற வேண்டும். எழுபது கிலோவைச் சுற்றிய ஒல்லி உடம்புக்கு அது வாட்டம். ஃபாயிலிலோ அந்தரத்தில் தொங்கி எதிர்ப்பாரம் கொடுக்க வேண்டும். பத்து, பதினைந்து கிலோ கூடுதலாக இருப்பவர் பெரிய காற்றையும் தாங்கிப் பிடித்துப் பறப்பார். வேக ஓட்டக்காரர்கள் ஈயம் வைத்த சட்டை போட்டுக்கொள்வதும் அதனால்தான். நம் பையன்கள் பெரும்பாலும் ஒல்லி. ஓட்டம் தெரிந்தால் போதாது, சாப்பாடும் ஜிம்மும் தெரிய வேண்டும். பலகை, பாய், ஃபாயில் எல்லாம் இறக்குமதி. ஒரு முழுத் தொகுதி பல லட்சம். கார்பன் இறக்கையில் ஒரு கீறல் விழுந்தால் மாதச் சம்பளம் கரைந்துவிடும். பழைய ஃபின் பலகைக்காரன் உப்புத்தாளோடு சமாளித்தான். புதியவனுக்கு ஸ்பான்சர் வேண்டும். வேகம் கூடியிருக்கிறது, வாசல் குறுகியிருக்கிறது.

ஆடியில் நடந்தது

போன வருஷம் ஆடி. காலை எட்டு மணிக்கே கோடைக்காற்று மேற்கிலிருந்து அடித்தது. கரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று என்பதால் கரையோரத் தண்ணீர் கண்ணாடி. அண்ணன் மகனுக்கு அது சின்ன லூடரிட்ஸாகத் தெரிந்தது. பெயர் வேண்டாம், ஒரு கரையில் வாடகைக்கு எடுத்துக்கொண்டு இறங்கினான். முதல் இரண்டு ஓட்டம் அமர்க்களம். மூன்றாவதில் மரத்தின் அடியில் இருக்கும் ரப்பர் முட்டு அறுந்துபோனது. பாய் தனி, பலகை தனி. வெயிலில் காய்ந்து வெடித்த பழைய ரப்பர். இறங்கும் முன் இவனும் வளைத்துப் பார்க்கவில்லை, கொடுத்தவர்களும் பார்க்கவில்லை.

காற்று கரையிலிருந்து அடிக்கிறது. அவன் கிழக்கே போய்க்கொண்டே இருந்தான். புத்தி கெட்டு நீந்தப் பார்க்காமல் பலகையிலேயே கிடந்ததுதான் காப்பாற்றியது. முக்கால் மணி கழித்து வலை இழுத்துத் திரும்பிய ஃபைபர் போட் ஒன்று அவனைத் தூக்கியது. படகிலிருந்த பெரியவர் தண்ணி கொடுத்துவிட்டுத்தான் திட்டினாராம்: “மேலக்காத்துல எவன்யா மரம் இல்லாத கட்டையில ஏறுவான்? காத்து உன்னை அந்தமான்ல கொண்டு போய் விட்டுரும்!”

அண்ணிக்கு இந்தக் கதை இதுவரை தெரியாது. இந்த இதழ் வீட்டுக்கு வந்தால் தெரிந்துவிடும்.

[பெட்டி] இறங்கும் முன்

கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்றில் மீட்புப் படகு இல்லாமல் இறங்க வேண்டாம். தட்டைத் தண்ணீரைப் பார்த்து மயங்க வேண்டாம்.
மர அடி ரப்பர், கயிறு, ஃபின் திருகு மூன்றையும் ஒவ்வொரு தடவையும் கையால் வளைத்து, இழுத்து, முடுக்கிப் பாருங்கள்.
மிதவைச் சட்டை எப்போதும். வேகப் பயிற்சிக்கும் ஃபாயிலுக்கும் ஹெல்மெட்டும் கட்டாயம்.
என்ன ஆனாலும் பலகையை விட்டு நீந்தாதீர்கள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து மெதுவாக உயர்த்தித் தாழ்த்துவது உலகம் முழுக்கத் தெரிந்த உதவிக் குறி.

போபாலுக்குக் கடல் ஏது?

சென்னை பாய்மரத்துக்குப் புதிய ஊரில்லை. கே.சி. கணபதியும் வருண் தக்கரும் 2018 ஜகார்த்தாவில் வெண்கலம் வென்றார்கள், டோக்கியோ ஒலிம்பிக் போனார்கள். பாய்மரத்தில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா குமணன் நம் ஊர்க்காரர். ஆனாலும் விண்ட்சர்ஃபிங் பதக்கம் வந்தது கடலே இல்லாத மத்தியப் பிரதேசத்திலிருந்து. இபாத் அலி தேர்ச்சி பெற்றது போபால் ஏரியில். அதே ஹாங்சோவில் பாய்மரப் படகில் வெள்ளி வென்ற நேகா தாக்கூரும் போபாலில் பழகியவர்தான். ஹைதராபாத்தில் ஹுசைன் சாகர் ஏரியில் எளிய குடும்பத்துப் பிள்ளைகளைப் பழக்கினார்கள். அங்கிருந்து பிரீத்தி கொங்காரா ஆசியப் போட்டிக்கு வந்தார்.

காரணம் மர்மமில்லை. பள்ளி விட்டதும் சைக்கிளில் போய் இறங்கலாம். இன்று ஒரு சென்டிமீட்டர் நகர்த்தி ஓட்டிப் பார்த்து, நாளை அதே தண்ணீரில் இன்னொரு சென்டிமீட்டர் நகர்த்தலாம். ஸ்பேனர் வித்தையெல்லாம் அப்படித் தினமும் தேய்த்தால்தான் ஏறும். எங்கள் பையனுக்கு வாரத்துக்கு ஒரு நாள். போன ஞாயிறு என்ன மாற்றினோம் என்பதே மறந்துபோகிறது. கலங்கரை விளக்கத்தையும் பூந்தமல்லியையும் இணைக்கும் 26 கிலோமீட்டர் மெட்ரோ தடம் முழுசாக ஓடத் தொடங்கினால் ஆள் கடலுக்குப் போய்விடலாம். சொந்தமாக வாங்கினால் பலகையோடு எந்த ரயிலில் ஏறுவது?

அந்த ஞாயிறு திரும்பும் வழியில் செம்பரம்பாக்கம் ஏரிக் கரையில் வண்டியை நிறுத்தினோம். மாலைக் காற்று தண்ணீரில் கறுப்புத் திட்டுகளை ஓட்டிக்கொண்டிருந்தது. நிரம்பினால் 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. பூந்தமல்லியிலிருந்து பைக்கில் எட்டிப் பிடிக்கும் தூரம்.

“இதுல எறங்கினா பதினஞ்சு நாட்ல எல்லாம் சும்மா பறக்கும், சித்தப்பா” என்றான்.

இது குடிநீர் ஏரி, இறங்கக் கூடாது என்றேன். அவன் சிரித்துக்கொண்டே கேட்டான்: “போபால் ஏரி மட்டும் என்ன?”

பதினோராம் நூற்றாண்டில் போஜ ராஜன் வெட்டியதாகச் சொல்லப்படும் போபால் மேல் ஏரியும் அந்த நகரத்தின் குடிநீர் ஏரிதான். 2002-லிருந்து ராம்சர் பட்டியலில் இருக்கும் ஈரநிலமும்கூட. பாய்க்கு எண்ணெய் கிடையாது, புகை கிடையாது. மீட்புப் படகுக்கு எஞ்சின் வேண்டுமே என்று கேட்பவர்களுக்கு பேட்டரி மோட்டார் இருக்கிறது. நியாயமான தடைகளும் இருக்கின்றன: மதகுப் பக்கம் ஆபத்து, காற்று நன்றாக அடிக்கும் வைகாசி, ஆனியில் ஏரி வற்றிக் கிடக்கும், ஃபாயில் தண்டுக்கு அந்த ஆழம் போதாமல் போகலாம். ஆனால் ஃபின் பலகைக்கு இடுப்பளவு தண்ணீர் தாராளம். தொடக்கக்காரருக்கு அதுதான் பத்திரமும்கூட.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் நீர்வளத் துறையும் உட்கார்ந்து பேசட்டும். செம்பரம்பாக்கம் முடியாதென்றால் மேற்குப் புறநகரில் குடிநீருக்குப் பயன்படாத வேறொரு ஏரியைக் காட்டட்டும். மதகுக்கு எட்டாத ஒரு மூலை, மிதவை கட்டிய எல்லை, பத்து பழைய ஃபின் பலகைகள், ஒரு பேட்டரிப் படகு, ஒரு பயிற்சியாளர். சோதனைக்கு ஒரே ஒரு காற்றுக் காலம் கொடுத்துப் பாருங்கள். உப்புத்தாளை எங்கள் பையன்களே வாங்கிக்கொள்வார்கள்.